மீன்கூடைக்கு எட்டாத விஞ்ஞானமா?

மீஞ்சூர் மார்க்கெட்டில் விடிவதற்கு முன்னால் போய் நின்று பாருங்கள். பழவேற்காட்டு ஏரிக் கரையிலிருந்து, கோரைக்குப்பத்திலிருந்து, வைரவன்குப்பத்திலிருந்து இறாலும் நண்டும் மடவையும் வந்து இறங்கும். கூடவே பெண்களும் வந்து இறங்குவார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்து, கூடைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து வருகிறவர்கள். மீன் விற்றாலும் விற்காவிட்டாலும் ஆட்டோ வாடகை உண்டு. ஐஸ் காசு உண்டு. சாயங்காலம் தண்டல்காரர் வாசலில் நிற்பதும் உண்டு. மிச்சம் என்னம்மா என்று கேட்டோம். "வாசனைதான் மிச்சம்" என்றார் ஒரு தாய்.

பஸ் இருக்கிறதே, அதுவும் இலவசம்தானே என்பார்கள் சில கனவான்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களிடம் காசு வாங்குவதில்லை. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் பெண்ணுக்கு இடம் கொடுத்தார்கள், கூடைக்குக் கொடுத்தார்களா? அதே ஆண்டு டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி ஒரு மீன்காரத் தாயைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் நின்று அந்த அம்மாள் நியாயம் கேட்டதை நாடே பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார். ஊழியர்கள் சஸ்பெண்டு ஆனார்கள். கண்டக்டரைச் சஸ்பெண்டு செய்தால் பஸ்ஸில் கூடை வைக்க இடம் முளைத்துவிடுமா?

ஆகவே ஒரு வண்டியைப் பற்றிப் பேசுகிறோம். மிதிக்கிற வண்டிதான். மூன்று சக்கரம். சக்கரத்தின் நடு உருளையில் ஒரு சிறு மோட்டார். மேலே கூரையாக ஒரு 100 வாட் சூரியப் பலகை. இருக்கைக்குக் கீழே ஒரு பாட்டரி. இதில் இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டியது என்று எதுவும் கிடையாது. எல்லாம் கடையில் கிடைக்கிற சாமான்.

கணக்கைப் பார்ப்போம். சாதாரண உடம்புள்ள மனிதர் விடாமல் மிதித்தால் கால்கள் தருவது சுமார் 75 வாட் சக்தி. 250 வாட் மோட்டார் என்பது இன்னும் மூன்று பேர் கூட நின்று மிதிப்பதற்குச் சமம். நம்முடைய பகுதி வெயிலில் 100 வாட் பலகை நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 வாட்-மணி, அதாவது அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் தரும். பாரம் ஏற்றிய வண்டி, மிதித்துக்கொண்டே போனால், கிலோமீட்டருக்கு 15 வாட்-மணி அளவுக்குத் தின்னும். ஆகவே வெயில் ஒரு நாளைக்குச் சுமார் 25 கிலோமீட்டர் இழுக்கும். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். போகச் சரி; திரும்ப என்ன செய்வது? திரும்பும்போது கூடை காலி, கால்களும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டு பிளக்கில் சொருக வேண்டியதுதான். அந்த அரை யூனிட்டின் விலை ஒரு டீயின் விலைகூட இல்லை.

அப்படியானால் சூரியப் பலகை எதற்கு, பிளக்கே போதுமே என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தப் பெண்கள் புறப்படுவது இருட்டில். அப்போது சூரியன் இல்லை. ஆனால் விற்பது பட்டப்பகலில், மார்க்கெட் ஓரத்தில், தலைக்கு மேல் ஒன்றும் இல்லாமல். பலகை அங்கே நிழல். அவருக்கும் நிழல், ஐஸ் பெட்டிக்கும் நிழல். அவர் மீன் அறுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வண்டி தானே தன் தீனியைத் தின்றுகொண்டிருக்கும். புயல் வந்து நாலு நாள் கரண்டு போனாலும் விளக்கு எரியும், செல்போன் சார்ஜ் ஏறும். குப்பத்து வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் சொப்பனம் என்று கைகொட்டிச் சிரிப்பவர்கள் சென்னைத் தெருக்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். 1973-இல் தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷாவை ஒழித்தார்கள். மனிதனை மனிதன் இழுக்கும் கேவலம் போய், சைக்கிள் ரிக்‌ஷா வந்தது. செய்தவர்களுக்கு அதற்குரிய பெருமையைக் கொடுத்தே தீர வேண்டும். அதற்குப் பிறகு? பாரவண்டி மிதித்த தொழிலாளி தன் மார்பு வலியைத் தானே பார்த்துக்கொண்டான். பழைய மொபெட், ஸ்கூட்டர் என்ஜினைக் கழற்றினான். மூன்று சக்கர வண்டியில் வெல்டிங் வைத்தான். அதுதான் மீன்பாடி வண்டி! எந்த இஞ்சினீயரிங் கல்லூரியும் வரைந்து கொடுக்காத வரைபடம். அதற்குச் சர்க்கார் கொடுத்த பரிசு என்ன? பறிமுதல், அபராதம், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்த குவியல். அந்த வண்டிகளில் பிரேக் சரியில்லை, விபத்துகள் நடந்தன. இதை நாம் மறைக்கவில்லை. பிரேக் சரியில்லை என்றால் நல்ல பிரேக் போட்டுக் கொடுப்பதல்லவா விஞ்ஞானம்? பிடுங்கிக்கொண்டு போவதா விஞ்ஞானம்?

மேலிடத்து விஞ்ஞானிகளும் ஒருமுறை முயன்றார்கள். துர்காப்பூரில் உள்ள மத்திய யந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 'சோலெக்‌ஷா' என்று ஒரு சூரிய ரிக்‌ஷாவை உருவாக்கியது. 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று, டில்லி சாந்தினி சௌக்கில் மந்திரிகள் கூடித் தொடங்கி வைத்தார்கள். மணிக்கு 15 கிலோமீட்டர். பாட்டரி தீர்ந்தால் சூரிய நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம். வண்டி நல்ல வண்டிதான். ஆனால் ஊர் முழுக்க மாற்று நிலையம் வேண்டுமே, அது எங்கே? வண்டி யாருக்குச் சொந்தம், மிதிப்பவனுக்கா, வாடகைக்கு விடும் முதலாளிக்கா? மாலையும் போட்டோவும் அன்றோடு தீர்ந்தன. தெருவில் சோலெக்‌ஷா பெருகவில்லை. அதே தெருவில் சீன உதிரிச் சாமான்களைப் பூட்டி, மிதியே இல்லாத ஈ-ரிக்‌ஷாக்கள் ஆயிரம் ஆயிரமாக வந்து நின்றன. 2015-இல் மோட்டார் வாகனச் சட்டத்தையே அவற்றுக்காகத் திருத்தினார்கள். சட்டத்தை வளைத்தது ஆராய்ச்சி அல்ல, ஜனங்களின் எண்ணிக்கை.

இப்போது சட்டம் நம் வண்டிக்கு என்ன சொல்கிறது? 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம், பாட்டரி நீங்கலாகக் காலி வண்டி 60 கிலோவுக்குள், ஒழுங்கான பிரேக், அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தின் சான்று. இவ்வளவும் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். ரொம்ப சந்தோஷம்! ஆனால் 2019-இல் 10,000 கோடி ரூபாயுடன் வந்து 2024 மார்ச்சோடு முடிந்த 'ஃபேம்' இரண்டாம் கட்ட மானியம் பதிவு செய்த வண்டிக்குத்தான் கிடைத்தது. காருக்கு இருந்தது, பைக்குக்கு இருந்தது, பஸ்ஸுக்கு இருந்தது. பதிவு வேண்டாத ஏழை வண்டிக்குக் காலணா கிடைக்கவில்லை. சலுகை என்று ஒரு கையால் கொடுத்ததையே காரணம் காட்டி மறு கையால் பிடுங்கிய சாமர்த்தியம் அது!

வரியிலும் இதே கதைதான். 2019 ஆகஸ்டு முதல் மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். கோடி ரூபாய் கார் என்றாலும் அதே 5. வெறும் மிதி சைக்கிளுக்கோ 12. 2021 அக்டோபரில் சூரியப் பலகைக்கும் 5-ஐ 12 ஆக்கினார்கள். 2025 செப்டம்பர் 22-இல்தான் இரண்டும் 5-க்கு இறங்கின. ஆறு ஆண்டுகள் மிதிக்கிற கால் கூடுதல் வரி கட்டியது, கார் பவனி வந்தது. பசுமைப் போக்குவரத்து என்று இதற்குப் பெயர்.

விலை கட்டுமா என்பதுதான் முக்கியமான கேள்வி. பலகை சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். வண்டிச் சட்டத்தை மீஞ்சூர் வெல்டிங் பட்டறையே செய்யும். கையைக் கடிப்பது பாட்டரி. அதற்காக மீன்காரப் பெண் தண்டல்காரரிடமே மறுபடி போய் நிற்க வேண்டுமானால், அப்படிப்பட்ட வண்டியே வேண்டாம் என்போம். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வாங்கட்டும். பாட்டரி சங்கத்தின் சொத்தாக இருக்கட்டும். சங்கமே பழுது பார்க்கட்டும். உப்புக் காற்றில் சாதாரண இரும்பு இரண்டு மழைக்குத் தாங்காது. மோட்டாரின் மூடியில் தண்ணீர் புகக் கூடாது. பஞ்சர் ஒட்டுகிற சைக்கிள் கடைக்காரர் கையாலேயே கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். அம்பத்தூரில் 1949-இல் சைக்கிள் கம்பெனி தொடங்கிய ஜில்லா இது. இங்கே கை தேர்ந்த தொழிலாளிக்கா பஞ்சம்? சோதனை நிலையம் ஒரகடத்திலேயே இருக்கிறது. சான்றுக்கான செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும், அவ்வளவுதான்.

சாலையைச் சொல்லாமல் விட முடியாது. காட்டுப்பள்ளிக்கும் எண்ணூர்த் துறைமுகத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் போகிற கண்டெய்னர் லாரிகள் நடுவே இந்தச் சின்ன வண்டியை எப்படி ஓட்டுவது? 330 ஏக்கரில் இருந்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்க அதானி கம்பெனிக்குத் திட்டம் போடத் தெரிந்தது. அந்த லாரிகள் ஓடுகிற சாலையின் ஓரத்தில் ஆறடி அகலத்துக்கு மிதிவண்டிப் பாதை கேட்டால் மட்டும் நிலமில்லை என்பார்கள்.

1954-இல் தியன் பியன் பூவில் வியட்நாம் ஜனங்கள் ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் பாரம் ஏற்றிக் காட்டுப் பாதையில் தள்ளிக்கொண்டு போய் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தைத் தோற்கடித்தார்கள். அந்தச் சைக்கிளுக்குக் கைப்பிடியை மூங்கிலால் நீட்டியவர்கள் விஞ்ஞானிகள் அல்ல, அதைத் தள்ளியவர்களே. நம் வண்டியையும் ஓட்டப் போகிறவர்களிடம் கேட்டுத்தான் வரைய வேண்டும். நாம் கேட்டுப் பார்த்தோம். பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்பதிலேயே பெரிய சண்டை! பின்னால் இருந்தால் மிதிக்கச் சுலபம் என்றார்கள் இளையவர்கள். மூத்தவர்கள் விடவில்லை. மீன்பாடி வண்டி மாதிரி முன்னாலேதான் வேண்டும், கண்ணுக்கு எதிரே இருந்தால்தான் காக்காயும் அண்டாது, கூட்டத்தில் எவனும் கை வைக்க மாட்டான் என்றார்கள். சேலை சிக்காமல் சங்கிலிக்கு மூடி வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. பொன்னேரி சார் ஆட்சியரிடம் கொடுக்கப்போகும் மனுவில் சங்கிலி மூடியை எழுதிவிட்டோம். பெட்டி முன்னாலா பின்னாலா என்பது இன்னும் தீரவில்லை.