உரிமம் கிடைத்துவிடும், வாடிக்கையாளர் எங்கே?

துபாயில் தொழில் தொடங்க நினைப்பவருக்கு இன்று வழிகாட்டுவோர் பஞ்சமில்லை. 'உரிமம், விசா, வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே தொகுப்பில்' என்று அழைக்கும் விளம்பரங்கள் தமிழிலேயே கைப்பேசியில் வந்து விழுகின்றன. என்ன தொழில் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் 'பொது வணிகம்' என்பதுதான். எதை வேண்டுமானாலும் வாங்கலாம், விற்கலாம். எதை, யாருக்கு என்பதை உரிமம் பெற்ற பிறகு யோசித்துக் கொள்ளலாம்!

இந்தத் தலைகீழ் வரிசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் பொதுச் சந்தையில் நிறுவனம் நடத்த வேண்டுமானால், 51 சதவீதப் பங்கை அந்நாட்டுக் குடிமகன் ஒருவர் வைத்திருக்க வேண்டும் என்பதே நெடுங்காலம் சட்டமாக இருந்தது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு விலக்காகவே 1985-இல் ஜெபல் அலியில் தடையற்ற வணிக மண்டலம் தோன்றியது. இன்று அமீரகம் முழுவதும் அத்தகைய மண்டலங்கள் 40-க்கும் மேல் உள்ளன. 2021 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பெரும்பாலான துறைகளில் வெளிநாட்டவரே முழுப் பங்கையும் வைத்துக்கொள்ளலாம். 2022 மே மாதம் முதல் இந்தியா - அமீரகம் இடையிலான விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தமும் செயல்பாட்டில் உள்ளது.

கதவு அகலத் திறந்தது நல்லதே. உள்ளூர்ப் பங்குதாரருக்குப் பெயருக்காக ஆண்டுதோறும் கட்டணம் கொடுத்துக்கொண்டு, என்றேனும் அவர் கடையைத் தன்னுடையது என்று சொல்லிவிடுவாரோ என்று அஞ்சி வாழ்ந்த தலைமுறைக்குத்தான் இந்த மாற்றத்தின் அருமை தெரியும். ஆனால், அந்தப் பழைய முறையில் தற்செயலான ஒரு பயனும் இருந்தது. உள்ளே நுழைவது கடினமாக இருந்ததால், பெரும்பாலோர் முதலில் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். கிடங்கில், வாகனத்தில், கணக்கர் மேசையில் கழிந்த ஆண்டுகளில் நகரத்தைக் கற்றார்கள். தொழில் யோசனை அங்கேதான் பிறந்தது. லூலு குழுமத்தின் யூசுஃப் அலி அமீரகம் சென்றது 1973-இல். தொடங்கியது உறவினரின் வணிகத்தில். துபாயில் முதல் லூலு ஹைப்பர்மார்க்கெட் திறக்கப்பட்டது 2000-இல். இடையில் 27 ஆண்டுகள். இன்றோ, நகரத்தைப் பார்க்காமலேயே நிறுவன உரிமையாளராகிவிட முடிகிறது.

'அங்கே இல்லாத ஒன்றைக் கொண்டுபோக வேண்டும்' என்பதுதான் வெளிநாட்டு நகரம் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் இலக்கணம். சரவண பவன் 2000-இல் தன் முதல் வெளிநாட்டுக் கிளையைத் துபாயில் திறந்ததை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். உண்மையில் அங்கே புதிதாகச் சென்றது பெயரும் தரமும்தான். அந்தச் சுவைக்குப் பழகிய மக்கள் முன்பே சென்று குடியேறியிருந்தார்கள். வாடிக்கையாளர் காத்திருந்த இடத்துக்குக் கடை போனது. இன்று கராமாவிலும் பர் துபாயிலும் தெருவுக்குத் தெரு தோசை கிடைக்கும்போது, அதே கணக்கைப் போட்டுக்கொண்டு இன்னொரு தோசைக் கடை திறப்பவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

இதைவிடத் தெளிவான பாடம் கரீம் நிறுவனத்தில் இருக்கிறது. முதாஸிர் ஷேகா என்ற பாகிஸ்தானியரும் மாக்னஸ் ஓல்ஸன் என்ற ஸ்வீடன் நாட்டவரும் 2012-இல் துபாயில் அதைத் தொடங்கினார்கள். இருவரும் மெக்கின்ஸி ஆலோசகர்களாக இருந்தவர்கள். இரண்டு பேருக்கும் துபாய் அயல் நகரம்தான். வாடகை வாகனச் செயலி என்பது அவர்கள் கண்டுபிடித்த புதுமை அன்று. அடுத்த ஆண்டே உபரும் துபாய்க்கு வந்துவிட்டது. ஆனால், அந்தப் பகுதியின் நகரங்களில் வீட்டு முகவரி என்பது நம் ஊர்போல் கதவு எண், தெருப்பெயர் என்று உறுதியாக இருப்பதில்லை; துபாயில் தபால் வருவது அஞ்சல் பெட்டி எண்ணுக்குத்தான். ஒவ்வொரு கட்டட வாசலுக்கும் 10 இலக்க 'மக்கானி' எண்ணைத் துபாய் மாநகராட்சி வழங்கியதே பின்னாளில்தான். 'அந்த மசூதியைத் தாண்டி, மருந்துக் கடைக்குப் பின்னால்' என்றுதான் மக்கள் வழி சொன்னார்கள். கரீம் அந்த இடங்களைத் தானே திரட்டித் தொகுத்தது. கடன் அட்டை இல்லாதவரிடம் ரொக்கம் பெற்றது. முன்கூட்டியே வண்டி பதிவு செய்ய வழி தந்தது. 2019-இல் உபர் அதை 310 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது.

இதே முகவரிச் சிக்கலை மூலதனமாக்கிப் புறப்பட்ட இன்னொரு துபாய் நிறுவனம் ஃபெட்சர். வாடிக்கையாளரின் கைப்பேசி இருக்கும் இடத்தையே முகவரியாகக் கொண்டு பொருள்களைக் கொண்டு சேர்ப்பது அதன் யோசனை. யோசனையில் குறை சொல்ல இடமில்லை. அமெரிக்க முதலீட்டாளர்களும் பணம் போட்டார்கள். ஆயினும் 2019 இறுதியில் அது கடும் நிதி நெருக்கடியில் தத்தளித்தது. நகரத்தின் குறையைச் சரியாகக் கண்டுகொள்வது பாதி வேலை. ஒரு பொட்டலத்தை வாசலில் சேர்க்க ஆகும் செலவு, அதற்குக் கிடைக்கும் கூலியைவிடக் குறைவாக இருக்கிறதா என்ற எளிய கணக்கு மீதிப் பாதி.

நம் கண்முன் உள்ள ஒரு தேவையை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். சோனாப்பூரிலும் அல் கூஸிலும் தொழிலாளர் குடியிருப்புகளில் வாழ்பவர்கள் விடியலுக்கு முன்பே பேருந்து ஏறுகிறார்கள். மதிய உணவு இரவிலோ அதிகாலையிலோ சமைக்கப்பட்டுப் பொட்டலமாகக் கையில் கிடைக்கிறது. அதைப் பிரிக்கும்போது நண்பகல் தாண்டியிருக்கும். கோடையில் வெப்பநிலை 45 டிகிரியை எட்டும் ஊரில், குழம்பு ஊற்றிய சோறு அதற்குள் என்ன ஆகும் என்பதைச் சமைத்துப் பழகிய எவரும் அறிவர். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்கு அரசு தடை விதித்திருக்கிறது. ஆக, சாப்பிட நேரம் இருக்கிறது. நல்ல சோறுதான் இல்லை. கெடாத, நம் நாக்குக்கு ஒத்த மதிய உணவைப் பணியிடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தால்? பல்லாயிரம் பேருக்கு அன்றாடம் உள்ள தேவை இது. இதைவிடச் சிறந்த தொழில் யோசனை ஏது என்று தோன்றும்.

அப்படியானால் ஏன் இது இன்னும் முழுதாக நிறைவேறவில்லை? உணவை நிறுவனமே வழங்கும் இடத்தில், சாப்பிடுபவர் வேறு, விலை பேசுபவர் வேறு. ஒப்பந்தம் எடுக்கும் மேலாளருக்குச் சுவை ஒரு பொருட்டன்று. தலைக்கு எவ்வளவு என்பதே கேள்வி. தொழிலாளி தானே வாங்கும் இடத்திலோ, ஊருக்கு அனுப்பும் பணத்திலிருந்து ஒவ்வொரு திர்ஹாமையும் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு திர்ஹாம் இன்றைக்கு இருபது ரூபாய்க்கு மேல். அவர் செலவழிக்கத் துணியும் தொகைக்குள் மாநகராட்சி விதிகளுக்கு உட்பட்ட சமையற்கூடம், சூடு குறையாத வண்டி, ஓட்டுநர் சம்பளம் எல்லாம் அடங்க வேண்டும். உரிமமில்லாமல் குடியிருப்பு அறையில் மெஸ் நடத்துவோர் மலிவாகத் தருகிறார்கள். பிடிபட்டால் அபராதம் அவர்களோடு நிற்கும். இவ்வளவையும் தாண்டி ஒருவர் இதைச் செய்து காட்டினால் அவர் வெல்வார் என்றே நான் நம்புகிறேன். ஆனால், அவர் அந்தப் பேருந்தில் ஒரு நாளேனும் பயணம் செய்தவராக இருப்பார்.

நகரத்தின் இயல்பும் கணக்கில் வர வேண்டும். 2005-இல் துபாயின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 2024 இறுதியில் அது 38 லட்சத்தைக் கடந்தது. இதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஆண்கள். பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். விசா உள்ளவரை வாழ்ந்துவிட்டு, வேலை போனாலோ வேறு நாட்டில் வாய்ப்பு வந்தாலோ கிளம்பிவிடக்கூடியவர்கள். பள்ளி விடுமுறையில் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடுவதால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் குடும்பங்களை நம்பிய கடைகள் காற்று வாங்கும். வாடகையோ ஆண்டு முழுவதுக்கும். அதையும் முன்தேதியிட்ட சில காசோலைகளாக முதலிலேயே கொடுத்துவிட வேண்டியிருக்கும். கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்புவது 2022 ஜனவரி முதல் பெரும்பாலும் குற்றவியல் வழக்காவதில்லை என்பது உண்மை. எனினும் காசோலை வைத்திருப்பவர் தனி வழக்கின்றி நேரடியாக நீதிமன்றத்தின் வழியே வசூலுக்கு இறங்கலாம். உணவகமானால் விநியோகச் செயலிகளின் கழிவு 30 சதவீதத்தைத் தொடுவதும் உண்டு.

'வரியே இல்லாத ஊர்' என்ற பழைய நம்பிக்கையும் இனி உதவாது. 2018 முதல் 5 சதவீத மதிப்புக்கூட்டு வரி இருக்கிறது. 2023 ஜூன் மாதத்திலோ அதற்குப் பின்னரோ தொடங்கிய நிதியாண்டுகளுக்கு, 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்தின் மீது 9 சதவீத நிறுவன வரி. லாபமே இல்லாத நிறுவனமும், தடையற்ற மண்டலத்தில் உள்ள நிறுவனமும்கூடப் பதிவு செய்து கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். உரிய காலத்தில் பதிவு செய்யாவிட்டால் 10,000 திர்ஹாம் அபராதம். தொகுப்பு விற்கும் விளம்பரத்தில் இந்த வரி எந்த மூலையில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், நம்பகமான தொழில் வாய்ப்பு ஒன்றை இந்த வரிச் சட்டமே உருவாக்கியிருக்கிறது. இதுவரை கணக்கே எழுதாமல் கல்லாப்பெட்டியில் நிர்வாகம் நடத்திவந்த சிறு கடைகள், பட்டறைகள், தையலகங்கள் யாவும் இப்போது கணக்கு எழுதியாக வேண்டும். அவர்களுக்குப் பெரிய தணிக்கை நிறுவனம் கட்டுப்படியாகாது. மலையாளமோ தமிழோ உருதுவோ பேசி, மாதக் கட்டணத்தில் கணக்கு எழுதித் தரும் சிறு அலுவலகங்களுக்கு அங்கே இடம் இருக்கிறது. 2000-களின் கட்டுமான அலையில் எழுந்த அடுக்ககங்கள் இருபது வயதைக் கடக்கின்றன. குழாய், குளிர்சாதனம், நீர்க்கசிவு பார்ப்பவர்களுக்கு இனி வேலை கூடத்தான் செய்யும். இவை எதுவும் மேடையில் பேசத்தக்க கவர்ச்சியான யோசனைகள் அல்ல. இதைத் தொடங்கக் கூடியவர்கள் ஏற்கெனவே அங்கே பத்தாண்டு வேலை செய்த கணக்கரும் குழாய்ப் பணியாளருமே. அவர்களிடம் முதல் இல்லை. முதல் வைத்திருப்பவர் ஊரில் இருக்கிறார். நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ பணம் போடும் குடும்பம், உரிமத் தொகுப்பு விற்பவரைவிட அந்தக் கணக்கரை நம்புவது மேல் என்பது என் கருத்து.

பணம் எப்படிப் போகிறது என்பதிலும் கவனம் தேவை. இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒருவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஆனால், வெளிநாட்டில் சொந்த நிறுவனத்தில் போடும் முதல், 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்கீழ் வரும். வங்கி வழியாக உரிய படிவம் கொடுத்து, அடையாள எண் பெற்ற பிறகே அனுப்ப வேண்டும். ஆண்டுதோறும் செயல்பாட்டு அறிக்கையும் தர வேண்டும். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீத வரியை வங்கி முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். அது பின்னர் வருமான வரியில் சரிசெய்யப்படும் என்றாலும், தொடக்க முதலில் அந்தப் பணம் கையில் இருக்காது. பயணச் செலவு என்றோ அன்பளிப்பு என்றோ எழுதி அனுப்பிவிட்டு அதை முதலாக்குவது அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறுவதாகும்.

கடைசியாக, உரிமத் தொகுப்பு விற்பவரிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு: இதை மூடுவதற்கு என்ன ஆகும்? விசாக்களை ரத்து செய்து, ஊழியர்களுக்குப் பணிக்கொடை தீர்த்து, கலைப்பாளரை அமர்த்தி, வங்கிக் கணக்கை முடித்து, தொழில் நின்ற 3 மாதத்துக்குள் வரிப் பதிவை நீக்க விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் காலாவதியானால் தானே முடிந்துவிடும் என்று ஊர் திரும்பியவர்களின் பெயரில் அபராதங்கள் ஏறிக்கொண்டே இருக்கும். மறுபடி வேலைக்காகவேனும் அந்த நாட்டுக்குள் நுழைய விண்ணப்பிக்கும் நாளில்தான் பலருக்கு அது தெரியவருகிறது.