புதரை வெட்டலாம்; மண்ணை வழிக்கலாமா?

கொங்குச் சீமைத் தமிழில் 'காடு' என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் ஒன்று உண்டு. மழையை நம்பிச் சோளமும் கடலையும் விதைக்கும் மானாவாரி நிலத்தைத்தான் நம் பெரியவர்கள் காடு என்றார்கள். "காட்டுக்குப் போயிருக்கிறார்" என்றால் வேலைக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், பொள்ளாச்சி எல்லையை ஒட்டிக் கிடக்கும் பெருமாட்டிப் பக்கத்திலும் இதே பேச்சுத்தான். ஆனால் இன்று அங்கே பல காடுகள் அகராதிப் பொருளிலேயே காடாகிவிட்டன. உழவு நின்ற இடத்தில் உண்ணிச்செடியும், பார்த்தீனியமும், கேரளத்தார் 'கம்யூனிஸ்ட் பச்சை' என்று அழைக்கும் செடியும் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கின்றன.

அந்தக் காடுகளில் பலவற்றின் சொந்தக்காரர்கள் யார்? சங்கத்தின் பொங்கல் விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாம்தான். பிழைப்பைத் தேடி வெளியேறினோம். வருடா வருடம் வில்லேஜ் ஆபீஸில் யாரையாவது விட்டுக் கரம் கட்டி ரசீது வாங்கிக்கொள்கிறோம். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை, பாகப்பிரிவினை வந்தாலோ, விலைக்குக் கேட்டு ஆள் வந்தாலோ, பக்கத்துத் தோப்புக்காரர் பாம்புத் தொல்லை என்று சொல்லியனுப்பினாலோ, நமக்கு நிலத்தின் நினைவு வருகிறது. உடனே ஊரிலிருக்கும் சித்தப்பாவுக்கோ மச்சானுக்கோ போன் போட்டு, "ஒரு ஜே.சி.பி.யை விட்டுச் சுத்தமாக வழித்துவிடச் சொல்லுங்கள், பணத்தை அனுப்பிவிடுகிறேன்" என்கிறோம்.

இயந்திரத்தை வைத்து வேலை வாங்குவதில் தவறில்லை. தொழில் தெரிந்தவர்களைக் கூலிக்கு அமர்த்துவதும் சரியே. அரிவாளும் கொடுவாளும் கொண்டு ஏக்கர் கணக்கில் வெட்ட இன்று ஆள் கிடைப்பதில்லை. கிடைக்கும் ஆளுக்கும் அது முதுகொடிக்கும் வேலை. ஆனால் 'வெட்டச் சொல்வது' வேறு, 'வழிக்கச் சொல்வது' வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் நாம் இழப்பது என்ன என்பதையே அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. பொக்லைனின் வாளி புதரோடு சேர்த்து மூன்று அங்குல மண்ணை வழித்துக்கொண்டு போனால், அது 10,890 கன அடி. லாரிக்காரர் பாஷையில் 100 கன அடி ஒரு யூனிட். ஆகச் சுமார் 109 யூனிட். ஒரு லாரிக்கு இரண்டு யூனிட் என்று வைத்தாலும் ஐம்பது லோடுக்கு மேல். இவ்வளவும் வயலின் ஓரத்தில் செடியோடு செடியாகக் குவிந்து கிடக்கும். அல்லது வேறெங்கோ போய்ச் சேரும். பயிருக்குச் சோறு போடுவது இந்த மேல்மண்தான். ஓர் அங்குல மேல்மண் உண்டாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். சித்தூர் தாலுகாவில் சில இடங்களில் கரிசல் மண்ணே இருக்கிறது. கேரளத்தில் அது வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத சொத்து. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் வேகத்தை நாம் அறிவோம். மார்கழி, தை மாதங்களில் அந்த வறண்ட காற்று வீசும்போது, போர்வை இழந்த மண் தூசியாகப் பறந்துபோகும். மிச்சத்தை அடுத்த மழை கழுவிக்கொண்டு போகும்.

சரி, புதராவது ஒழிந்ததா என்றால், அதுவும் இல்லை. பார்த்தீனியமும் கம்யூனிஸ்ட் பச்சையும் கிளறிப்போட்ட வெற்று மண்ணில்தான் முதலில் முளைக்கும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். அந்த விதைகள் மண்ணுக்குள் வெயிலுக்காகக் காத்துக் கிடக்கின்றன. வழித்துவிட்டு நாமே அவற்றுக்கு வெயிலைக் காட்டுகிறோம். அடுத்த மழையில் பழையபடி பச்சைப் பசேல் என்றாகிவிடும். ஊரிலிருந்து வரும் போட்டோவில் மட்டும் நிலம் ஒரு மாதத்துக்குச் 'சுத்தமாக' இருக்கும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. பெருமாட்டி, மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்து வரப்புகளில் நிற்கும் பனைகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பனை காய்ப்புக்கு வர 12, 15 ஆண்டுகள் ஆகும். புதருக்குள் முளைத்து நிற்கும் வடலிக்கும் முள்செடிக்கும் வாளி வித்தியாசம் பார்ப்பதில்லை. வரப்பும் போகும், எல்லைக் கல்லும் போகும். அதற்கப்புறம் பங்காளிகள் சர்வேயரைத் தேடி அலைய வேண்டியதுதான். தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அறிவித்தார்கள். கேரளத்தில் நம் பனையைக் காப்பதற்கு அப்படி ஓர் உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. கேரளத்தில் 2008-இல் வந்த நெல்வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நெல்வயலை வேறு விதமாக மாற்றக் கூடாது. தரிசாகக் கிடந்தாலும் ஆவணத்தில் நெல்வயல் என்றிருந்தால் அது நெல்வயல்தான். அங்கே வரப்பை உடைத்து மேட்டைப் பள்ளத்தில் தள்ளினால், வில்லேஜ் ஆபீசர் வேலையை நிறுத்தச் சொல்லி மெமோ கொடுக்கலாம். வெளியூரில் இருக்கும் நமக்கு விஷயம் தெரிவதற்குள் மச்சான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் என்னதான் செய்வது? செடிக்கு ஏற்ற ஆயுதத்தை எடுக்க வேண்டும். பார்த்தீனியம், கம்யூனிஸ்ட் பச்சை, கோரை, கொடி இவற்றுக்குத் தோளில் மாட்டி வெட்டும் பிரஷ் கட்டர் போதும். புல்லுக்கு நைலான் நரம்பு, தண்டு முற்றிய செடிக்கு இரும்புப் பிளேடு. பெரிய பரப்பென்றால் டிராக்டரின் பின்னால் பூட்டிச் செடியைத் தூளாக்கிப் போடும் கருவி இருக்கிறது. இவை தரைக்கு மேலே வெட்டும். வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெட்டிய தழை மண்ணுக்கு மூடாக்கு ஆகும். முக்கியமானது காலம். பூக்கும் முன் வெட்ட வேண்டும். பார்த்தீனியம் முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும். கம்யூனிஸ்ட் பச்சை மழைக்காலம் முடிந்து பூக்கும். ஆகையால் ஆடியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை என்று இரண்டு வெட்டு வெட்டினால் மூன்று நான்கு வருடத்தில் அதன் கொட்டம் அடங்கிவிடும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வழிப்பதற்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

பொக்லைன் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சீமைக் கருவேலத்தை மேலோடு வெட்டினால் அது முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். தரைக்குக் கீழே ஓரடி வரை தோண்டித் தூரோடு எடுத்தால்தான் போகும். அதற்குப் பொக்லைன் சரியான ஆயுதமே. ஆனால் தூர் தூராக எடுத்துவிட்டுக் குழியை மூடச் சொல்ல வேண்டுமே தவிர, நிலம் முழுவதையும் சீவச் சொல்லக் கூடாது. தமிழ்நாட்டில் 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும் மாவட்டந்தோறும் பொக்லைன்கள் கருவேலங்காட்டில் இறங்கின. அதே ஆண்டில் நீதிமன்றமே அதை இடைக்காலமாக நிறுத்தி, நிபுணர்களின் கருத்தைக் கேட்க வேண்டி வந்தது. பிடுங்கிய பிறகு அந்த இடத்தில் என்ன வைக்கப் போகிறோம் என்ற கேள்விக்கு விடை வேண்டுமல்லவா? இடுக்கியில் ஏலத் தோட்டம் வைத்திருக்கும் நம் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: 2018 ஆகஸ்ட் மழையில் அந்த மாவட்டத்தில் எத்தனை சரிவுகள் ஏற்பட்டன என்பது நினைவிருக்கும். சரிவான மண்ணில் களை எடுக்க மண்ணள்ளும் இயந்திரத்தை ஏற்றவே கூடாது.

"மருந்தடித்துவிட்டால் போகிறது" என்பவர்களும் உண்டு. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின் விற்பனைக்குக் கேரளம் 2019-இலேயே தடை விதித்தது. 2022-இல் மத்திய அரசும் அதன் உபயோகத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. "கொளுத்திவிடுவோம்" என்பது அதைவிட மோசம். கணவாய்க் காற்றில் ஒரு பொறி போதும், பக்கத்துத் தென்னந்தோப்பு சாம்பலாகிவிடும்.

இப்போது, வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி. மிஷினையும் ஆளையும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். தொலைவில் இருக்கும் நமக்கு மணி ஓடுகிறதே என்ற கவலை. அவருக்கு அடுத்த வேலைக்குப் போகும் அவசரம். இந்த இரண்டு அவசரத்துக்கும் நடுவில்தான் விபத்து நடக்கிறது. பிரஷ் கட்டரின் பிளேடில் பட்ட கல் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும். சுற்றி ஐம்பது அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது. கண்ணாடி, பூட்ஸ், கையுறை இல்லாமல் வெட்டச் சொல்லக் கூடாது. பார்த்தீனியம் பட்டால் பலருக்குத் தோல் வெடித்துச் சொறி வரும். எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம், கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு. பத்து வருடப் புதர் அதை மூடியிருக்கும். அது எந்த மூலையில் இருக்கிறது என்பது வெட்ட வரும் பையனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், சிறு வயதில் அதில் குதித்து நீந்தியவர்கள் நாம். கிணறு, கம்பிவேலி, மின்கம்பத்தின் இழுகம்பி, எல்லைக் கல் இவை இருக்குமிடத்தை ஒரு தாளில் வரைந்து அனுப்ப நமக்கு அரைமணி நேரம் ஆகுமா? பணம் அனுப்பியதோடு நம் பொறுப்பு தீர்ந்துவிட்டது என்று நினைப்பது தர்மம் அல்ல.

எல்லாம் சரி, வெட்டிய பிறகு? இதுதான் தலையாய கேள்வி. நிலம் புதராவதற்கு நம் சோம்பல் மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர் ஒரு காரணம். 1970-ஆம் ஆண்டுப் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும், அதை எதிர்பார்த்துத்தான் சித்தூர்ப் புழைப் பாசனம். பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய கொக்கோ கோலா ஆலையையும், நிலத்தடி நீருக்காக 2002-இல் மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் முன்னின்று தொடங்கிய போராட்டத்தையும், 2004-இல் ஆலை நின்றதையும் உலகமே அறியும். இன்னொரு காரணம் பயம். 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்தது. நிலத்தைப் பிறத்தியாரிடம் கொடுத்தால் திரும்பி வராது என்ற பயம் அன்று நம் பெரியவர்கள் மனத்தில் விழுந்தது. பேரன்கள் காலத்திலும் அது போகவில்லை. பயந்து பயந்து பூட்டி வைத்த நிலத்தைக் கடைசியில் பார்த்தீனியம் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது!

இன்று வழிகள் இருக்கின்றன. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்கள் கேரளமெங்கும் தரிசு நிலங்களை எடுத்துக் கூட்டாகப் பயிர் செய்கின்றன. பல பஞ்சாயத்துகளில் கிருஷி பவனைச் சார்ந்து கார்ஷிக கர்ம சேனை இருக்கிறது. களை வெட்டவும், டில்லர் ஓட்டவும், தென்னை ஏறவும் பழகியவர்கள் அதில் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் உண்டா என்று கிருஷி பவனில் விசாரியுங்கள். இன்ன காலத்துக்கு, இன்ன பயிருக்கு என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதவர்கள் உள்ளூர் ஆட்டுக்காரரிடமாவது பேசலாம். ஆடு மேய்ந்து திரியும் பூமி சுலபத்தில் புதராகாது.

"இதற்கெல்லாம் செலவு யார் பார்ப்பது? ஜே.சி.பி. என்றால் ஒரே நாளில் முடிகிறதே" என்று கேட்பீர்கள். ஒரே நாளில் முடிவது உண்மைதான். ஆனால் அடுத்த தடவை மறுபடியும் அதே செலவு. அதற்குள் மண்ணும் போயிருக்கும், பனையும் போயிருக்கும். வருடத்துக்கு இரண்டு வெட்டுக்கு ஆகும் பணத்தை அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு வந்துவிடும்? விற்கும்போது பங்கு கேட்க எல்லோரும் வருகிறோம். வெட்டும்போது மட்டும் ஊரில் இருக்கும் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமா?

நம் பிள்ளைகளில் யாராவது ஒருவர் என்றாவது அந்த மண்ணில் ஒரு செடி வைக்க நினைக்கலாம், நினைக்காமலும் போகலாம். நினைத்தால் அங்கே மண் இருக்க வேண்டும். ஆகவே அடுத்த முறை ஊருக்குப் போன் செய்யும் அன்பர்கள் "வழித்துவிடு" என்று சொல்லாதீர்கள். "வரப்பையும் பனையையும் விட்டுவிட்டு, பூக்கிறதற்கு முன்னால் வெட்டிப் போடு, கிணறு வடமேற்கு மூலையில் இருக்கிறது, பார்த்து வெட்டச் சொல்" என்று சொல்லுங்கள்.