அவருக்கும் புரிய வேண்டும், அதிகாரிக்கும் உறைக்க வேண்டும்

அமெரிக்க அதிபர் டிரம்ப் 2025 மார்ச் 1 அன்று பிறப்பித்த ஆணை, ஆங்கிலத்தை அந்நாட்டின் ஆட்சிமொழியாக அறிவித்தது. அத்துடன் 2000-ஆம் ஆண்டில் அதிபர் கிளிண்டன் பிறப்பித்த ஆணை ஒன்றையும் ரத்து செய்தது. ஆங்கிலம் சரிவரத் தெரியாதவர்களுக்கும் அரசின் சேவை புரியும்படி கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று மத்திய அரசுத் துறைகளைப் பணித்த ஆணை அது. பிறமொழிச் சேவைகளை நிறுத்துங்கள் என்று புதிய ஆணை சொல்லவில்லை; அதைத் துறைத் தலைவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. கடமையாக இருந்தது விருப்பமாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீனோ மக்கள் 6.21 கோடிப் பேர், மக்கள்தொகையில் 18.7 சதவீதம். அந்நாட்டின் வயல்களிலும் இறைச்சிக் கூடங்களிலும் கட்டடப் பணிகளிலும் அவர்களின் உழைப்பு இருக்கிறது. பல வீடுகளில் தாய் படிப்பது ஸ்பானிஷ், மகள் படிப்பது ஆங்கிலம். வாடகைச் சட்டம், கூலி பாக்கி, பள்ளிச் சேர்க்கை, மருத்துவமனை விதி என எதுவாயினும் இருவரும் சேர்ந்து படிக்க ஒரு பத்திரிகை தேவைப்படுகிறது. அந்த இடத்தை நிரப்புபவை இருமொழி உள்ளூர் ஏடுகள்.

அவற்றுள் ஒன்று சான்பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியிலிருந்து 1970 ஆகஸ்டு முதல் வெளிவரும் 'எல் தெகொலோத்தே'. 'ஆந்தை' என்று பொருள். கல்லூரி ஆசிரியர் ஹுவான் கொன்சாலஸின் வகுப்பறையில் உருவான ஏடு இது. அரசு மருத்துவமனையில் நோயாளி சொல்வது மருத்துவருக்குப் புரியவில்லை. அவசரத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் ஸ்பானிஷ் தெரிந்தவர் இல்லை. பெரிய நாளேடுகள் செய்தியாகவே கருதாத இந்தக் குறைகளை அது விடாமல் எழுதியது.

அதே ஆகஸ்டு 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ரூபன் சலசார் கொல்லப்பட்டார். 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' நாளேட்டில் ஆங்கிலத்தில் பத்தி எழுதிக்கொண்டே, ஸ்பானிஷ் தொலைக்காட்சி ஒன்றின் செய்தி இயக்குநராகவும் இருந்தவர் அவர். வியட்நாம் போருக்கு எதிரான பேரணி குறித்துச் செய்தி சேகரிக்கச் சென்றவர் ஒரு விடுதியில் அமர்ந்திருந்தபோது, காவலர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு அவர் தலையில் பாய்ந்தது. அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

சலசார் ஏன் இரு மொழியிலும் இயங்கினார் என்பதில்தான் இருமொழி இதழியலின் சாரம் இருக்கிறது. மக்களின் மொழியில் மட்டும் எழுதினால் குறை அவர்களுக்குள்ளேயே சுற்றிவரும். அதிகாரி 'எனக்குத் தெரியாது' என்று தப்பிக்கொள்வார். அதிகாரத்தின் மொழியில் மட்டும் எழுதினால் பாதிக்கப்பட்டவர் தன்னைப் பற்றிய செய்தியையே படிக்க முடியாது. அதில் தவறு இருந்தாலும் திருத்த முடியாது. 1919-இல் சவுத்பரோ குழுவின் முன் ஆங்கிலத்தில் சாட்சியமளித்த அண்ணல் அம்பேத்கர், அடுத்த ஆண்டே மராத்தியில் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியதும் இதே தேவையால்தான்.

ஆனால் லத்தீனோக்கள் எல்லோரும் ஒரே படிநிலையில் இல்லை. குவாத்தமாலாவிலிருந்து வந்த மாயா பழங்குடியினரில் பலருக்குத் தாய்மொழி மாம். ஸ்பானிஷ் அவர்களுக்கு இன்னோர் ஆதிக்க மொழி. ஓக்லாந்தில் இயங்கும் 'எல் திம்பானோ', கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியே ஸ்பானிஷ் பேசுவோரிடம் செல்வதோடு நில்லாமல், மாம் பேசுவோரையும் தேடிச் செல்கிறது. ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் கடைசியில் நிற்பவரை எட்டும்போதுதான் ஒரு பத்திரிகை மக்கள் பத்திரிகையாகிறது.

இத்தகைய ஏடுகளுக்கு விலையும் உண்டு. எல் சால்வடாரில் பிறந்து, அட்லாண்டா பகுதியில் இருபது ஆண்டுகளாக ஸ்பானிஷில் செய்தி வழங்கிய மரியோ கெவாரா, குடியேற்றத் துறையின் கைதுகளை நேரலையில் காட்டியவர். 2025 ஜூன் 14 அன்று ஒரு போராட்டத்தைப் படம்பிடித்தபோது அவரே கைதானார். வழக்கு கைவிடப்பட்ட பிறகும் விடுவிக்கப்படாமல் அக்டோபரில் நாடு கடத்தப்பட்டார். அவர் காட்டிவந்த கைதுகளை இனி யார் காட்டுவார்கள் என்பதே அங்குள்ள மக்களின் கேள்வி.

வழி இல்லாமல் இல்லை. நகரத் துறைகள் அச்சு, இணைய விளம்பரச் செலவில் குறைந்தது பாதியைச் சமூக, இன ஏடுகளுக்குத் தர வேண்டும் என்று நியூயார்க் மாநகர மேயர் 2019-இல் ஆணையிட்டார். அது தானம் அல்ல. அம்மக்களும் கட்டும் வரிப்பணத்தில் ஒரு பங்கு. மத்திய அரசு கைவிட்ட கடமையை மாநிலங்களும் நகரங்களும் ஏற்று, இந்த ஏடுகளுக்குரிய பங்கைத் தர வேண்டும். செய்தியாளரை நாடு கடத்தும் அரசு, எந்த மொழியில் பேசினாலும் தன்னை ஜனநாயகம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.