முதலில் கணக்கு, பிறகு பொன்னாடை

“ஏம்மா, நாளைலேர்ந்து நீ வர வேணாம். வேற ஆள் போட்டாச்சு.”

என் அம்மாவுக்குக் கிடைத்த பணிநீக்க உத்தரவு இவ்வளவுதான். 2003ஆம் ஆண்டு. ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருஷம் ரத்தமும் சலமும் துடைத்தவள். சொன்னவன் முதலாளிகூட இல்லை, காண்ட்ராக்டரின் மேஸ்திரி. காரணம் கிடையாது. காகிதம் கிடையாது. வாசலில் வாட்ச்மேன் அவள் பையைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டான். ராத்திரி அம்மா சொன்னாள்: “வேல போனா போவுது. எல்லாரும் பாக்க சோத்து டப்பாவத் தொறந்து காட்டுன்னானே, அதான் தாங்கல.”

அதே 2003 ஜூலையில் தமிழக அரசு, வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரே வீச்சில் வேலையைவிட்டு நீக்கியது. விசாரணை இல்லை. நாடே பேசியது. உச்சநீதிமன்றம்வரை போனது. பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். திரும்பியது நியாயம்தான். குற்றச்சாட்டைச் சொல்லாமல், பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் அரசு ஊழியரை நீக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 311ஆம் பிரிவு சொல்கிறது. துடைப்பம் பிடித்த கைக்கு எந்தப் பிரிவு? அந்த மாதம் எங்கள் தெருவில் எத்தனை பொம்பளைகளுக்கு வேலை போனது என்று எந்தப் பத்திரிகைக்காரனும் எண்ணவில்லை.

ஒருவரை மரியாதையாக வேலையைவிட்டு அனுப்புவது எப்படி என்று இப்போது பாடம் நடத்துகிறார்கள். தனி அறையில் உட்கார வையுங்கள், சுருக்கமாகப் பேசுங்கள், குரலை உயர்த்தாதீர்கள். நல்லதுதான். ஆனால் தொண்டையில் மட்டும் இருக்கும் மரியாதையால் உலை கொதிக்காது.

மரியாதைக்குச் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஓராண்டு தொடர்ந்து உழைத்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்றது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம். அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுத் தொகுப்பும் இந்தக் கணக்கை விட்டுவைத்திருக்கிறது. ஆனால் 100 பேர் வேலை செய்யும் ஆலையிலேயே ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்றிருந்ததை 300 பேராக உயர்த்திவிட்டது. வீட்டு வேலையைத் ‘தொழில்’ என்ற வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டது. பாத்திரம் தேய்க்கும் நம் பெண்களை இன்றைக்கும் வாசற்படியில் நிறுத்திக் கையை ஆட்டி அனுப்பிவிடலாம்.

2025 ஆகஸ்டைப் பாருங்கள். சென்னையில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். கொரோனா காலத்தில் ‘முன்களப் பணியாளர்’ என்று கைதட்டப்பட்டவர்கள். பதின்மூன்றாம் நாள் ராத்திரி போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. கைதட்டல் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம்.

இனி நம் வீட்டுக்குள் வருகிறேன். தோழர்களுக்குக் கசக்கும்.

எங்கள் அமைப்பின் அலுவலகத்தில் ஓர் அக்கா ஆறு வருஷம் கூட்டிப் பெருக்கி, டீ போட்டுக் கொடுத்தார். நிதி நின்றது. அனுப்ப முடிவெடுத்தோம். கூட்டம் போட்டோம், பொன்னாடை போர்த்தினோம். நான்தான் பேசினேன். “அக்கா எங்களுக்கெல்லாம் தாய் மாதிரி” என்றேன். கைதட்டினார்கள். எல்லாம் முடிந்ததும் அவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, இந்த மாசம் பதினெட்டு நாள் வந்துருக்கேன். அந்தக் காசு எப்பத் தருவீங்க?”

எங்களில் ஒருத்தரும் அதைக் கணக்குப் போட்டிருக்கவில்லை.

‘தாய் மாதிரி’ என்ற சொல் யாருடையது? பண்ணையாளைப் பார்த்து “நீ நம்ம ஊட்டுப் புள்ள மாதிரிடா” என்று சொன்ன ஆண்டையுடையது. பிள்ளைக்கு ஏது கூலி, தாய்க்கு ஏது நோட்டீஸ்? உறவைச் சொல்லி உழைப்பை விழுங்குவது பண்ணையடிமை முறையின் பழைய தந்திரம். அம்பேத்கர் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு அதையே நான் செய்தேன்.

பணிக்கொடைச் சட்டம் நம்மைக் கட்டாது, அதற்குப் பத்துப் பேர் வேலை செய்ய வேண்டும் என்றார் ஒரு தோழர். சட்டம் கட்டாத இடத்தில்தானே நம் கொள்கை கட்ட வேண்டும்? ஆறு வருஷத்துக்கு 90 நாள் சம்பளம், நோட்டீசுக்கு ஒரு மாதம், பாக்கி பதினெட்டு நாள். எங்களுக்குள் வசூலித்து மூன்று தவணையில் கொடுத்தோம். இதில் பெருமை ஒன்றுமில்லை. அவர் கேட்காதிருந்தால் கொடுத்திருக்க மாட்டோம்.

யாரையும் அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பணம் தீரும். தப்பும் நடக்கும். தலித் அமைப்பு என்பதால் தப்பு தப்பில்லாமல் போகாது. ஆனால் அனுப்புவதற்கு ஒரு முறை வேண்டும். காரணத்தை எழுத்தில் கொடுங்கள். குற்றம் என்றால் அவர் பக்கத்தைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். பக்கத்தில் அவருக்கு வேண்டிய ஒருவர் உட்காரட்டும். ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். போகும் நாளிலேயே பாக்கி முழுவதும் கையில் இருக்கட்டும். இத்தனை வருஷம் இன்ன வேலை செய்தார் என்று சான்று கொடுங்கள். அடுத்த வாசலில் அவர் காட்ட வேண்டும். முடிவெடுத்தவரே நேரில் சொல்லட்டும், மேஸ்திரியை அனுப்பாதீர்கள். பையைத் தொடாதீர்கள்.

இத்தனையும் செய்த பிறகு பொன்னாடை இருந்தால் போர்த்துங்கள். இல்லாவிட்டாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.