சாரம் கட்டுமுன்

கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில், 11ஆம் எண் சண்டி எனப்பட்ட பழங்கோயிலின் எச்சம் 2013இல் நில மேம்பாட்டுக்காக இடித்துத் தள்ளப்பட்டதை நாம் மறப்பதற்கில்லை. கடாரமென நாம் போற்றும் மண்ணிலேயே இந்த நிலை.

இடிப்பவரால் மட்டுமா இழப்பு? பக்தியோடு திருப்பணி செய்வோரும் சிதைந்த சுதைச் சிற்பங்களைக் களைந்து புதியன அமைக்கின்றனர். முறையான பணிதான், குறை கூறவில்லை. எனினும் பாலாலயம் முடிந்து சாரம் கட்டுமுன், இராஜகோபுரத்தையும் விமானத்தையும் லேசர் கதிரால் அளந்து, எப்புறமும் திருப்பிப் பார்க்கத்தக்க முப்பரிமாண வடிவமாகக் கணினியில் பதித்து வைக்கலாகாதா? பல கோணங்களில், ஒன்றையொன்று தழுவுமாறு எடுத்த புகைப்படங்களைக் கொண்டும் அது இயலும். முகபாவமும் கைமுத்திரையும் பதிவில் நிலைக்கும்; பின்வரும் ஸ்தபதிக்கு அதுவே சான்று. மூலவரை அளக்கச் சொல்லவில்லை. கருவறை கருவறையாகவே விளங்கட்டும். வர்ணப் பூச்சுக்கு வாரி வழங்கும் புரவலர்கள் இப்பதிவுக்கும் ஒரு பங்கு ஒதுக்குமாறு வேண்டுகிறோம்.