நாற்காலியை விட்டு எழுந்தவர்

எமது துறையில் ஒருவர் நன்றாக எழுதினால் அவருக்குக் கிடைக்கும் பரிசு, எழுத நேரமில்லாத ஒரு பதவி. சிறந்த செய்தியாளர் செய்தி ஆசிரியராவார். பின்னர் கூட்டங்களுக்குள்ளும் கோப்புகளுக்குள்ளும் காணாமற் போவார். இதனைப் பல வருடங்களாகப் பார்த்துவரும் எனக்கு, பிரித்தானியத் தொலைக்காட்சியாளர் டேவிட் அட்டன்பரோவின் வாழ்க்கையில் வியப்பளிப்பவை அவர் காட்டிய விலங்குகளல்ல. அவர் விட்டெழுந்த நாற்காலிதான்.

1926 ஆம் ஆண்டு மே 8 ஆம் திகதி பிறந்த அவர், பிபிசி வானொலியில் வேலை கேட்டு நிராகரிக்கப்பட்டவர். 1952 இல் அதே நிறுவனத்தின் தொலைக்காட்சியில் சேர்ந்தார். 1954 இல் ஆரம்பமான 'ஸூ குவெஸ்ட்' தொடரை வழங்கிய லண்டன் மிருகக்காட்சிசாலை அதிகாரி ஜாக் லெஸ்டர் நோயுற்றதனாலேயே, தயாரிப்பாளரான இவர் கமெராவுக்கு முன்னால் வர நேர்ந்தது.

1965 இல் பிபிசி 2 அலைவரிசை அவரது பொறுப்பில் வந்தது. பிரித்தானியாவில் வர்ண ஒளிபரப்பு 1967 இல் விம்பிள்டன் போட்டிகளுடன் அந்த அலைவரிசையிலேயே தொடங்கியது. 1969 இல் இரு அலைவரிசைகளுக்கும் பொறுப்பான நிகழ்ச்சிப் பணிப்பாளரானார். அடுத்த பணிப்பாளர் நாயகம் இவர்தான் என்று பேச்சடிபட்ட வேளையில், 1973 இன் தொடக்கத்தில் பதவியைத் துறந்து மீண்டும் காட்டுக்குப் புறப்பட்டார். 1979 இல் பதின்மூன்று பாகங்களாக வெளிவந்த 'லைஃப் ஒன் ஏர்த்' அதன் பயன். றுவாண்டா மலைக்காட்டில் கொரில்லாக்களின் நடுவே அவர் அமர்ந்திருந்த காட்சி உலகப் புகழ் பெற்றது.

அவர்மீது குறையே இல்லையா? உண்டு. மனிதன் கைபடாத இயற்கையின் அழகை மட்டுமே நெடுங்காலம் காட்டி, அதன் அழிவைப் பற்றித் தாமதமாகவே வாய் திறந்தார் என்று விமர்சகர்கள் கூறுவதில் நியாயமுண்டு. காலநிலை மாற்றத்தை அவர் நேரடியாகப் பேசத் தொடங்கியது 2006 அளவிலேதான். ஆயினும் பேசத் தொடங்கிய பின் அவர் நிறுத்தவில்லை.

தமது 99 ஆவது பிறந்தநாளன்று, 2025 இல், 'ஓஷன்' என்ற திரைப்படத்தை வெளியிட்டார். பாரமான இழுவைமடி கடலடித் தரையைக் கிழித்துச் செல்வதைக் கடலுக்கு அடியிலிருந்தே அதில் காட்டினார்.

அதனைப் பற்றி எண்ணும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. இழுவைமடி எம் கடலைப் பாழாக்குகிறது என்று வடபகுதி மீனவர்கள் எத்தனை வருடங்களாகக் கூறிவருகிறார்கள்! இலங்கையில் அம்மீன்பிடி முறை 2017 இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னரும் தமிழகத்து இழுவைப் படகுகள் பாக்கு நீரிணையைத் தாண்டி வந்தன. நாமோ பிடிபட்ட படகுகளையும் கைதானவர்களையும் எண்ணி எழுதினோம், பேச்சுவார்த்தைகளுக்குத் தலைப்பிட்டோம். நீருக்கு அடியில் என்ன நடந்தது என்பதைப் போய்ப் பார்த்து வாசகருக்குக் காட்டினோமா?

எமது கடலடியைப் படம்பிடிக்க அட்டன்பரோ வரப்போவதில்லை. இங்குள்ள செய்தியாளர் ஒருவர்தான் போக வேண்டும். அவரை அனுப்பும் செலவை ஆசிரியபீடம் ஏற்க வேண்டும். அவர் நல்லதோர் அறிக்கையுடன் திரும்பி வந்தால், தயவுசெய்து அவருக்குப் பதவி உயர்வு என்று ஒரு நாற்காலியைக் கொடுத்துவிடாதீர்கள். மீண்டும் கடலுக்கே அனுப்புங்கள்.