கற்குழியில் ஒரு கடல்

பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதென்றால் நம்மவர்க்கு மணற்கரைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. காரைநகர்க் கசூரினாவுக்கோ வேலணைச் சாட்டிக்கோ வாகனம் பிடித்துச் சென்று, நீராடி, கட்டிச் சென்ற சோற்றை உண்டு, பொழுதுசாயத் திரும்பிவிடுகிறோம். அதிற் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும், நாலைந்து வயதுப் பிள்ளைக்கு நீந்தத் தெரியாது. அலையைக் கண்டால் அச்சம். மணல்வீடும் அரைமணி நேரத்திற் சலித்துவிடும். அத்தகைய பிள்ளைக்கு ஏற்றது கற்கரை. கடல் வற்றும்போது கல்லின் குழிகளிலே நீர் தேங்கி நிற்கும். அந்த நீரிலே மீன்குஞ்சும், நண்டும், நத்தையும், பெயர் தெரியாத பலவும் அகப்பட்டுக் கிடக்கும். பிள்ளை குந்தியிருந்தபடியே ஒரு கடலைப் பார்க்கலாம்.

இதைப் பற்றி எழுத நமக்குள்ள தகுதி சிறிதே. மயிலிட்டிக்கு அயலிற் பிறந்த நாம் பத்து வயதுவரை அந்தக் கரையிலே திரிந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தையார் கையைப் பிடித்து அழைத்துச் செல்வார். குழிகளைக் காட்டி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வார். 1990 யூன் மாதம் ஊரைவிட்டு எழுந்தோம். மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் மீண்டது 2017 யூலையில். இடையிலே சென்றவை இருபத்தேழு ஆண்டுகள். அவற்றுள் தந்தையாரும் சென்றுவிட்டார். அண்மையில் ஐந்து வயது மகளை அக்கரைக்கு முதன்முறையாக அழைத்துச் சென்றபோது, அவள் குழியொன்றிலே கிடந்த கபிலநிறப் பிண்டத்தை விரலால் தொட்டாள். நீர் முழுவதும் ஊதா மை கரைத்தாற்போலாயிற்று. "அப்பா, இது என்ன?" என்றாள். நமக்குத் தெரியவில்லை. தந்தையார் சொல்லித்தான் இருப்பார், நாம் மறந்துவிட்டோம்.

(அது கடல்முயல் எனப் பின்னர் விலங்கியல் ஆசிரியராகிய நண்பர் சொன்னார். அதுவும் ஒருவகை நத்தையே. தலையில் முயற்காதுபோல இரண்டு உணர்கொம்புகள் உண்டு. வெருண்டால் ஊதாச் சாயத்தைக் கக்கும்.)

அந்தக் கடல்முயலையும் நாம் கண்டது இரண்டாவது பயணத்திலேதான். முதற்பயணம் வீண். விடுமுறை கிடைத்ததே என்று புறப்பட்டுப் போனோம். கல்லெல்லாம் நீருக்குள் இருந்தது. வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, இண்டைக்கு அட்டமியல்லே! தண்ணி வத்தாது. அமாவாசை கழிச்சு வாருங்கோ, பார் வெளிச்சுப்போய்க் கிடக்கும். பிள்ளை ஆசை தீரப் பாக்கலாம்" என்றார். வீட்டுச் சுவரிலே பஞ்சாங்கக் கலண்டர் தொங்க, அதனைப் பாராமற் போன நமது படிப்பை என்னென்பது!

முதியவர் சொன்னதன் காரணம் எளிது. அமாவாசையிலும் பறுவத்திலும் சூரியனும் சந்திரனும் பூமியோடு ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கின்றன. அப்போது பெருக்கும் மிகுதி, வற்றும் மிகுதி. அட்டமியில் அவை ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்பதால் நீர்மட்டம் அதிகம் அசைவதில்லை. இங்கிலாந்தின் பிறிஸ்தல் கால்வாயிலே வற்றுக்கும் பெருக்குக்கும் 40 அடிக்கு மேல் வேறுபாடு உண்டு. அங்கே வற்றின்போது கடலடி வெகுதூரம் வெளித்துக் கிடக்கும். நமக்கோ அமாவாசையிலும் ஏறத்தாழ 2 அடிதான். ஆகவே நாள் தவறினால் எல்லாம் தவறிற்று. அமாவாசைக்கும் பறுவத்துக்கும் அடுத்த ஓரிரு நாட்களே மிகச் சிறந்தவை. வற்று நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வரும். ஒரு துறையில் அமாவாசையன்று வற்று எத்தனை மணிக்கென்று தொழிலாளரிடம் ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொண்டால், பிறகு கலண்டரே போதும்.

இனி, இடம். குடாநாட்டின் வடகரை முழுதும் சுண்ணாம்புக்கல். மயோசீன் காலத்தது, ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 வரை அரைத்ததும் இந்தக் கல்லைத்தான். மழையும் கடலும் கரைக்க, உயிரினங்களும் துளைக்க, கல்லிலே குழி விழுகிறது. மாதகற் சம்பில்துறையிலிருந்து கீரிமலை வழியாகக் கிழக்கே வல்வெட்டித்துறை, பருத்தித்துறைச் சக்கோட்டை முனை ஈறாக இத்தகைய கரையை இடையிடையே காணலாம். வல்வெட்டித்துறைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே வீதி கடலையொட்டியே செல்வதால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதிகம் நடக்க வேண்டியதில்லை. பலாலிப் பக்கம் போவோர் எதுவரை போகலாமென்று அயலாரிடம் கேட்டறிந்து போவது நல்லது. மணற்காட்டில் மணல்மேடு பார்க்கலாம், கற்குழி இல்லை. நெடுந்தீவு அழகுதான், ஆனால் குறிகட்டுவானிலிருந்து படகிலே ஆடிச் சென்று சேரும்போது சிறுபிள்ளை உறங்கிவிடும்.

நம்மைக் கேட்டால் முதன்முறை செல்வோர்க்குக் கீரிமலையையே சொல்வோம். அங்கே கேணிக்கும் கடலுக்கும் இடையே ஒரு மதில்தான். மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்தின்கீழ் ஓடிவந்து கடலோரத்தில் ஊறுகிறது. வற்றின்போது கரைக்கல்லின் இடுக்குகளிலும் நன்னீர் கசியும். பிள்ளை ஒரு விரலைக் கசிவிலும் மறுவிரலைக் கடலிலும் தோய்த்து நாவில் வைத்துப் பார்க்கட்டும். களைத்தபின் கீரிமுக முனிவரின் கதையையும், குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியின் கதையையும் சொல்லலாம். ஆடி அமாவாசையன்று மட்டும் போகற்க. வற்று நன்றாயிருக்கும், ஆனால் பிதிர்க்கடன் செய்ய வருவோரின் கூட்டத்திற் பிள்ளையைத் தொலைத்துவிடுவோம்.

பருவமும் பார்க்கவேண்டும். வாடைக் காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரை வடகரைக் கல்லில் அலை மோதும், அப்போது வேண்டாம். மாசி முதற் சித்திரை வரை நல்ல காலம். சோளகத்திலும் வடகரை அடங்கியே இருக்கும். ஆனால் அந்தக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. பந்தோ காற்றடைத்த வளையமோ கைநழுவினால் நொடியிற் போய்விடும்; அதன் பின்னே பிள்ளையும் ஓடும். அவற்றை வீட்டில் விட்டுச் செல்க.

சுண்ணாம்புக்கல்லின் விளிம்பு கத்தி போன்றது, பாசி வழுக்கும். ஆகவே குதிக்காலைப் பிடிக்கும் வாரோடு கூடிய செருப்பு வேண்டும். இரப்பர்ச் செருப்பு உதவாது. குழியைக் கண்ணாற் பார்க்கலாம். காணாத பொந்துக்குட் கைவிடலாகாது. கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாயிருந்தாலும் தொடலாகாது. அதனுள் உயிரிருந்தால் நச்சுமுள்ளால் எய்யும், சிலவகை ஆளையே கொல்லும். கல்லோடு கல்லாய்க் கிடக்கும் நச்சுமீன் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரிலே காலை வைத்திருந்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். சூட்டை நம் கையாற் சோதித்த பின்னரே பிள்ளையின் காலை வைக்கவேண்டும். யாவற்றுக்கும் மேலாக, பெரியவர் ஒருவர் கடலுக்கு முதுகு காட்டாமல் நிற்கவேண்டும். இருவரும் குழியையே பார்த்துக்கொண்டிருந்தால் நீர் ஏறுவதை யார் பார்ப்பது?

இவ்வளவு எச்சரிக்கை எழுதும் நாம் செய்த பிழையையும் எழுதத்தான் வேண்டும். கடல்முயல் கண்ட அன்று மகள் சங்குக்குள் குடியிருக்கும் நண்டொன்றைப் பிடித்து, ஜாம் போத்தலில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவரக் கேட்டாள். அழுவாளே என்று இசைந்தோம். ஒரு போத்தல் நீரிலே எவ்வளவு மூச்சு இருக்கும்? வெயிலில் அந்நீர் சூடாக, இருந்த மூச்சும் குறைந்தது. இரவு நண்டு சங்கைவிட்டு வெளியே வந்து கிடந்தது. மகள் அழவில்லை. நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இனி அதின்ரை வீட்டிலை ஆர் இருக்கிறது?" என்றாள்.

அந்த வினாவுக்கு விடை நமக்குத் தெரிந்திருந்தது. இந்த நண்டுக்கு வயிற்றுப்புறம் மெத்தென்றது. தனக்கென ஓடு இல்லை. இறந்த நத்தையின் ஓட்டிலே புகுந்து வாழும். வளர வளரப் பெரிய ஓடாகத் தேடி மாறும். நல்ல ஓடு கிடையாவிடின் ஒன்றையொன்று தள்ளிச் சண்டையிடும். வெறும் ஓடுதானே என்று நாம் பொறுக்கி வந்து கண்ணாடி அலுமாரியில் வைப்பதெல்லாம் யாருக்கோ வீடு. இதைச் சொன்னபோது நம் நாவே சற்றுத் தடுமாறிற்று.

அடுத்த அமாவாசைக்கு மறுநாள், கழுவித் துடைத்த சங்கைக் கைக்குட்டையிற் பொதிந்துகொண்டு மகள் வந்தாள். அதே குழி எதுவென்று நமக்குப் பிடிபடவில்லை, அவள் கண்டுபிடித்தாள். சங்கை நீருக்குள் வைத்துவிட்டு இருவரும் குந்தியிருந்தோம். மனைவி கடலைப் பார்த்து நின்றார். இரண்டு மீன்குஞ்சுகள் வந்து முகர்ந்து சென்றன. நண்டு ஒன்றும் வரவில்லை. முக்கால்மணி நேரத்தில் நீர் ஏறத் தொடங்கிற்று, எழுந்து வந்துவிட்டோம்.